டிரிம் பிடியோரம் வைத்த பொட்டு

வானத்தில் பறப்பதென்றாலே எனக்குப் பயம். என் வீட்டுக்காரருக்கோ அந்தக் கிறுக்கு தலைக்கேறி, வில்லியனூரில் எங்கள் லேத் பட்டறைக்குப் பின்னால் சொந்தமாக ஒரு குட்டி விமானமே கட்டினார். ஒருத்தர் மட்டும் உட்காரலாம். முறையாக ஓட்டப் பழகியவர்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். வேறொருத்தியாக இருந்தால் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள். நான் ரசமட்டம் பிடித்தேன்.

வால் இறக்கையின் பின்விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு இருக்கும். அதுதான் டிரிம். இருக்கைக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு பிடி. முன்னே தள்ளினால் விமானத்தின் மூக்கு தாழும், பின்னே இழுத்தால் தகடு கீழே தொங்கி மூக்கு எழும். சரியான இடத்தில் வைத்துவிட்டால் கை வலிக்காமல் நேராகப் பறக்கலாம். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க நாங்கள் பட்ட பாடு நாய்கூடப் படாது. நான் வாலண்டை மட்டம் பார்ப்பேன், அவர் பிடியை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார்.

"இன்னாங்க, இன்னும் கீழ தொங்குது."

"கண்ணு தெரியுதா உனக்கு?"

இப்படியே எத்தனை சண்டை! பாகூர்ப் பக்கம் வற்றிக் கிடந்த ஏரித் தரையில் ஆளுயரம் எழும்பி எழும்பி இறங்கிப் பார்த்து, கடைசியில் பிடி நின்ற இடத்துக்கு நேராக, பக்கத்துப் பலகையில் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டார்.

அதே ஏரித் தரையிலிருந்து முதன்முதலாக உயரப் பறக்க ஒரு வெள்ளிக்கிழமையைப் பார்த்தோம். புது வண்டி, பூஜை போடாமல் எடுக்க விடுவார்களா? குருவிநத்தத்திலிருந்து மாமியார் பூசணிக்காயோடு வந்திறங்கினார். நான் கற்பூரத்துக்குத் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தபோது, ஈரத்துணியால் உள்ளே வெளியே எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார்.

வால் பக்கம் நின்ற நான் அப்போதுதான் பார்த்தேன். தகடு நன்றாகக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, டிரிம்! டிரிம்!" என்று கத்தினேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? பின்னாலேயே ஓடினேன். செருப்பு ஒரு பக்கம் போனது. தரையை விட்டதும் விமானத்தின் மூக்கு விருட்டென்று நிமிர்ந்தது. அப்படியே வேகம் செத்தால் கல்லாக விழும் என்று எனக்குத் தெரியும். மாமியாருக்குத் தெரியாது. "எப்படிக் கெளம்புறான் பாருடி!" என்று கைதட்டினார். தெரிந்த தெய்வம், தெரியாத தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டேன்.

மூக்கு மெல்லத் தாழ்ந்தது. ஒரே ஒரு சுற்று சுற்றி இறங்கிவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"கோடு அழிஞ்சி போச்சி," என்றார் என்னிடம் மட்டும். "அம்மா கோட்டு மேலதான் பொட்டு வெச்சிருக்கும்னு நெனச்சி பிடிய அங்க வெச்சிட்டேன். பொட்டு ரெண்டு விரக்கடை பின்னால இருந்திருக்கு. மூக்கு எறங்க ஓட்டுற குச்சிய முன்னால அழுத்திப் பிடிச்சதுல கை வுட்டுப்போச்சி. அம்மாகிட்ட சொல்லாத."

அதற்குள் மாமியார் வந்து மகனின் கன்னத்தை வழித்தார். "நான் வெச்ச பொட்டுதான்டா உன்னைப் பத்திரமா எறக்குச்சி. இனிமே நீ ஏறும்போதெல்லாம் நானே வந்து தொடச்சி வெக்கறேன்."

"சரிம்மா," என்றார் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னா சரி? அத்தை, நீங்க தொடச்சது அழுக்கு இல்ல, அவரு போட்ட கோடு. நீங்க வெச்ச எடத்துல பிடிய வெச்சிதான் அவரு சாவப் பார்த்தாரு!"

சொன்ன பிறகுதான் மாமியார் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. குங்குமம் ஒட்டியிருந்த விரலைப் புடவையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என் கையாலயாடி?" என்று கேட்டார்.