சொல்லிக்கொள்ளாமல் வந்த ஞாயிற்றுக்கிழமை

உப்புப் போட்டு அவித்த வேர்க்கடலையின், அதாவது எங்கள் பக்கத்து "மல்லாட்டை"யின் வாசத்தோடு பினாயில் நெடி சேர்ந்தால் என் மூக்குக்கு இன்றைக்கும் அது ஞாயிற்றுக்கிழமைதான். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அம்மாவின் தங்கை மலர் சின்னம்மாவைக் காசநோய் முற்றியதால் திண்டிவனத்துக்கு வெளியே கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் சேர்த்திருந்தார்கள். கல்யாணமாகாத பெண் என்பதால் கோலியனூரில் எங்கள் தெருவுக்கு அவள் "டைலரிங் கிளாஸ்" போயிருப்பதாகத்தான் பேச்சு. அதை நம்பி ஆளாளுக்கு ஜாக்கெட் துணி கொடுத்தனுப்ப, அம்மா அவற்றை விழுப்புரம் டைலரிடம் தைத்துக்கொடுத்து மானத்தைக் காப்பாற்றினாள்.

விடுதிக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். அம்மா உள்ளே போக, நான் வேப்பமரத்தடிக் கல்லில் ஏறி நின்று சன்னல் கம்பி வழியாகச் சின்னம்மாவோடு பேசுவேன். ஊரிலேயே வேகமாக மல்லாட்டைச் செடி பிடுங்கியவள், அப்போது ஒரு காயை உடைக்கவே மூச்சு வாங்கினாள்; வாய் மட்டும் இளைக்கவில்லை. "இன்னாடி, ஒரு சுத்து பெருத்துட்ட, என் பங்கையும் சேத்துத் துன்னுக்கினு இருக்கியா?" என்பாள்.

ஒரு வாரம் எங்கள் தெருவில் சாவு விழுந்தது. அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது நான் பழக்கதோஷத்தில் "வர்றேங்க" என்றுவிட, அம்மா என் தொடையைக் கிள்ளி வெளியே இழுத்து வந்தாள். "சாவு வூட்ல வர்றேன்னு சொல்லக்கூடாதுடி, மறுபடியும் வர்ற மாதிரி ஆயிடும். சொல்லிக்காம வந்துடணும்."

நான்தான் கெட்டிக்காரி ஆயிற்றே, யோசித்தேன். மறுபடியும் வரக்கூடாத இடம் சாவு வீடு மட்டும்தானா? விடுதிக்கும்தான் நாம் திரும்ப வரக்கூடாது, சின்னம்மா குணமாகி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஆகவே அடுத்த ஞாயிறு, அம்மா சின்னம்மாவிடம் சொல்லிக்கொண்டு நர்சைப் பார்க்கப் போனதும், நான் கல்லை விட்டு இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் நடையைக் கட்டினேன். "ஏய், எங்கடி போற?" என்ற குரல் பின்னால் கேட்டது. வாயை இன்னும் இறுக மூடிக்கொண்டேன்.

நாங்கள் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது விடுதி ஆயா மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஜல்தி வாம்மா. உன் தங்கச்சி மாத்திரையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு அழுதுக்கினு கெடக்குது. சாவு வூட்ல இருந்து போற மாதிரி போறா, கொழந்தைக்கே தெரிஞ்சிபோச்சின்னு ஒரே பேஜாரு."

வந்து நின்ற பஸ்ஸை விட்டுவிட்டு ஓடினோம். சின்னம்மா செத்துப்போனால் அது என்னால்தான் என்று நினைத்து, அம்மாவையும் முந்திக்கொண்டு ஓடினேன்.

சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அழுகையும் மூக்கொழுகலுமாக என் யோசனை முழுவதையும் ஒப்பித்தேன். சின்னம்மா சிரிக்க ஆரம்பித்தாள். இருமல் வந்தும் நிறுத்தவில்லை. "அடிப்பாவி, நல்லது பண்றேன்னு உயிரோட கருமாதி பண்ணிட்டியேடி! நான் இன்னும் இருக்கறேன். சொல்லிக்கினு போ." அவள் மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்க, நானும் ஒவ்வொன்றுக்கும் ஒரு "வர்றேன் சின்னம்மா" சொன்னேன். ஏழு மாத்திரை, ஏழு "வர்றேன்."

மறு அறுவடைக்கு அவள் மல்லாட்டைக் கொல்லையில் செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் அவள் மகளுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம். மண்டபம் பார்த்தது மாப்பிள்ளை வீட்டார். விடுதியை இடித்துக் கட்டிய மண்டபம் அது என்பதோ, எங்கள் பழைய டைலரிங் கிளாஸ் கதையோ அவர்களுக்குத் தெரியாது. வேப்பமரம் இல்லை, கம்பிச் சன்னல் இல்லை, பினாயில் நெடியைச் சாம்பார் வாசம் விரட்டிவிட்டது. பந்திக்குப் பின் கைகழுவும் இடத்தில், பட்டுப்புடவையும் பவுடருமாக நின்ற சின்னம்மா என் காதோடு, "இங்கதான்டி என் கட்டில் இருந்துச்சி" என்றாள்.

கிளம்பும்போது கூட்டத்தில் அவளைக் காணவில்லை. தேடிப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். விக்கிரவாண்டி தாண்டும்போது போன் அடித்தது.

"சொல்லிக்காம போயிட்டியாடி? நான் இன்னும் இருக்கறேன்."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன், "வர்றேன் சின்னம்மா!"