கூட்டாளி என்று அழைத்து வந்த பெண்மணி

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்களில், வருடம் முழுதும் உறைந்தே கிடக்கும் நிலத்தைப் பற்றிய ஆய்வுக்கு நிதி கொடுக்கும் ஓர் அறக்கட்டளையில் லண்டனில் வேலை செய்தேன். எங்கள் கூட்டமொன்றுக்கு, வடதுருவ வட்டத்தை ஒட்டிய ஒரு பழங்குடி ஊரிலிருந்து அந்தப் பெண்மணி வந்தார். குள்ளமான உருவம், நரைத்த ஒற்றைப் பின்னல். எந்த அறைக்குள் நுழைந்தாலும் குதிகாலால் தரையை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். நிலத்தடிப் பனி உருகி அவர் ஊரில் வீடுகள் சரிந்துகொண்டிருந்தன. நாங்கள் கட்டவிருந்த ஆய்வு நிலையம் அங்கேயே அமையும், ஊர்ப் பிள்ளைகளே அதை நடத்துவார்கள் என்று சொல்லித்தான் அவரை அழைத்திருந்தோம்.

மேடையில் அவரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அது முடிந்ததும், நிலையம் விமானத்தளம் உள்ள வேறொரு நகரத்தில் அமையும் என்று அறக்கட்டளைத் தலைவர் அறிவித்தார். எனக்கும் அது புதுச் செய்தி.

அவர் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுபக்கம் இருந்த என் மேலதிகாரி யாழ்ப்பாணத்தவர். அவரிடம் தமிழில் கேட்டேன்.

“அண்ணை, உங்களுக்கு முன்னமே தெரியுமோ?”

“ஓம். சொன்னா அவ வந்திருக்க மாட்டா. கூட்டாளியெண்டு காட்ட ஆள் வேணும்தானே.”

“என்ன சொல்கிறார்?” என்று அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன்.

அவர் எழுந்து மறுபடி மேடையேறினார். “நாங்கள் இதில் கூட்டாளிகள் இல்லை. எங்கள் ஊரின் பெயரை எடுத்துவிடுங்கள்” என்றார். குரல் உயரவில்லை. காலையிலிருந்து எல்லோருக்கும் கைதட்டிய சபை அதற்கும் கைதட்டியது.

போகும்போது எனக்கு நன்றி சொன்னார். அண்ணையின் கையையும் பிடித்துக் குலுக்கினார். எங்களை மன்னித்தாரா, இல்லை எங்களிடம் இதைவிட நல்லதாக எதையும் எதிர்பார்த்தே வரவில்லையா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.