பூத்தூவ வந்த ஹெலிகாப்டர்

அப்பா எங்களைப் பார்க்கச் சென்னைக்கு வந்தபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். யாழ்ப்பாணத்துப் பக்கம் எங்கள் ஊரில் அவர் ஊர்க்குழுத் தலைவர். விமானங்கள் வந்து குண்டு போடத் தொடங்கிய பிறகு, யாரை எந்தப் பதுங்கு குழிக்கு அனுப்புவது, காயப்பட்டவர்களை எதில் ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பாகிவிட்டது. அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு படகேறி வந்தார். ஊரை விட்டு வர முடியாது என்று அப்பா அங்கேயே தங்கிவிட்டார். இப்போதும் சில நாளில் திரும்பிவிடுவதாகச் சொல்லித்தான் வந்திருந்தார். அடையாற்றில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் விருந்தாளி மாதிரி கதவோரமாகப் படுத்துக்கொள்வார்.

அந்த வாரம் மயிலாப்பூரில் ஒரு கோயில் குடமுழுக்கு. அம்மா எனக்கு மஞ்சள் பட்டுப் பாவாடை உடுத்திவிட்டார். மாட வீதிக் கூட்டத்தோடு நாங்களும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, குளத்துப் பக்கமிருந்து ஒரு ஹெலிகாப்டர் தாழப் பறந்து வந்தது. கலசத்தின்மேல் பூத்தூவ ஏற்பாடாம். எங்களுக்கு அது தெரியாது.

"எல்லாரும் கீழ படுங்கோ! தலையைத் தூக்காதேங்கோ!"

அப்பாவுக்கு அப்படியொரு குரல் உண்டு என்பதே எனக்கு மறந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் ஏன் எதற்கு என்று கேட்காமல் குனிந்துவிட்டார்கள். பஞ்சகச்சம் கட்டிய ஒரு பெரியவர் மண்டியே போட்டுவிட்டார். அப்பா என்னையும் தம்பியையும் தரையில் அழுத்தி, எங்கள்மேல் குப்புற விழுந்தார். அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது என் முதுகில் தெரிந்தது. பிறகு ரோஜா இதழ்கள் உதிர்ந்தன.

கூட்டம் சிரித்தது. பூ விற்கிற அம்மா ஒருவர் மட்டும் சிரிக்காமல் அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பினார்.

"ஒண்ணும் இல்ல நைனா, பூ போடத்தான் வந்துகீது."

தண்ணீர்ப் பந்தல் அருகே விழுந்ததில் என் பாவாடை முழுக்கச் சேறு. அவமானம் தாங்காமல் நான் அப்பாவிடமிருந்து விலகி நடந்தேன்.

வீடு திரும்பும் ஆட்டோ மந்தைவெளியைத் தாண்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் முழங்கைச் சிராய்ப்பை முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்த அம்மாதான் பேச்சைத் தொடங்கினார்.

"அங்க பிளேன் வரேக்க நீங்கள் ஒருநாளும் எங்களோட பங்கருக்குள்ள இருந்ததில்லை. இண்டைக்குத்தான் பிள்ளையளுக்கு மேல விழுந்து மறைச்சியள்."

அம்மா அழுதார், ஆனால் அப்பாவின் கையை விடவில்லை. அந்தப் பேச்சு விளங்காமல், பாவாடையைப் பாழாக்கியதற்காக அம்மா அப்பாவைத் திட்டுகிறார் என்று நினைத்து, எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது.