சின்னம்மாவைக் குணப்படுத்திய படம்

பத்து வயதில் நான் வைத்தியம் பார்க்கத் தொடங்கினேன். முதலும் கடைசியுமான நோயாளி, அம்மாவின் தங்கை.

சுவிஸில், ஷ்லீரன் என்ற ஊரில், எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கிய சின்னம்மா, முதல் குளிர்காலம் முடிவதற்குள் வெளியே போவதை நிறுத்திவிட்டார். வாசலைத் தாண்டினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கால் துவளும், மூச்சு வராது. இதுவும் ஒரு நோய்தான், அவசரப்படுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக அம்மா சொன்னார். இரண்டு வருடமாக யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

சனிக்கிழமைகளில் நானும் அவரும் ஒரே போர்வைக்குள் இருந்து ஜெர்மன் டிவியில் திகில் படம் பார்ப்போம். மொழிபெயர்ப்பது என் வேலை. ஒருவகைக் கதை அடிக்கடி வரும். பெரிய வீட்டில் ஒரு பெண் தனியே இருப்பாள். வாசலுக்குப் போனாலே தரை சரியும், அவள் மூச்சு அறை முழுக்க இரையும். முன்பு அவளுக்கு நடந்த கொடுமை இரண்டு நிமிடம் காட்டப்படும். கடைசியில் கொலைகாரன் உள்ளே வர, அவள் கதவைத் திறந்து மழைக்குள் ஓடுவாள். அடுத்த காட்சியில் கடற்கரையில் காற்று வாங்குவாள்.

"உங்களுக்கும் அப்பிடி ஏதும் நடந்ததோ, சின்னம்மா?"

"நானும் யோசிச்சுப் பாத்திட்டன். ஒண்டும் நடக்கேல்லை." பிறகு திரையைப் பார்த்துச் சிரித்தார். "இவளுக்கெண்டா கொலைகாரன் வந்தான். குடுத்து வைச்சவள்."

சிரிப்பு எனக்குப் புரியவில்லை. மருந்து புரிந்துவிட்டது.

புதன்கிழமைகளில் பிற்பகல் பள்ளிக்கூடம் இல்லை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் கீழே இறங்கி, புல்வெளியின் நடுவில் ஊஞ்சலுக்கு அடியில் காலை மடக்கிப் படுத்து, இருந்த பலம் முழுவதையும் சேர்த்து அலறினேன்.

"சின்னம்மா! ஓடி வாங்கோ! கால் முறிஞ்சுபோச்சு!"

யன்னலில் அவர் முகம் தெரிந்து மறைந்தது. நான் காத்திருந்தேன். புல்லின் ஈரம் முதுகில் ஏறியது. ஒருவரும் வரவில்லை. மறுபடி அலறினேன். இந்த முறை பாதி உண்மையாகவே அழுகை வந்தது.

கீழ்வாசல் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் வந்து நின்றார். வெறுங்கால். கதவைத் திறந்தார், விட்டார், திரும்பத் திறந்தார். வெளியே வந்ததும் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தார். சுவர் முடிந்தது. அதற்கும் எனக்கும் இடையே பதினைந்து அடி புல். அவர் ஓடவில்லை. முழங்காலில் விழுந்து, கைகளை ஊன்றித் தவழ்ந்து வந்தார். வாயோரம் எச்சில் வழிந்தது. அவர் மூச்சு இரைந்த சத்தம் படத்தில் கேட்ட மூச்சைப் போல இல்லை. தண்ணீரில் மூழ்குகிறவர் எழுப்பும் சத்தம்.

"எங்க நோகுது? காலை அசை பாப்பம்."

நான் துள்ளி எழுந்தேன். "ஒண்டுமில்லை, சும்மா! நீங்கள் வெளியில வந்திட்டீங்கள்!"

அவர் என்னை அடிக்கவில்லை. கண்களை இறுக மூடி என் மணிக்கட்டைப் பிடித்தார். குருடரைப் போல அவரை மூன்று மாடி ஏற்றினேன். என் கையில் அவருடைய நகக்குறி நான்கு பதிந்திருந்தது.

"பிள்ளை விழுந்திட்டாள். நான்தான் போய்த் தூக்கினனான்" என்று மாலையில் அவர் அம்மாவிடம் சொன்னார். அம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். லாங்கன்தாலில் இருக்கும் மாமிவரை எல்லோருக்கும் போன் போனது. பத்து வயது வைத்தியர் பெருமையோடு தூங்கினார்.

மறுநாள் அம்மா லீவு எடுத்து, சின்னம்மாவுக்குப் புதுச் சப்பாத்து வாங்கி வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வந்திருந்தபோது, கடைவரை போய் வரலாம் என்று அவரை அழைத்தார். சின்னம்மா ஒரு சப்பாத்தைப் போட்டார். மற்றதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கதவடியில் அப்படியே குந்திவிட்டார்.

"நேற்றுப் போக ஏலுமெண்டால் இண்டைக்கு ஏன் ஏலாது?" அம்மாவின் குரல் அதுவரை நான் கேட்டிராத குரல். "ரெண்டு வருசமா நடிச்சு எங்களைப் பேய்க்காட்டினனியோ?"

ஒரு சொல்லில் சின்னம்மா என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அவர் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். நானோ, அம்மா கேட்பது நியாயம்தானே என்று நினைத்தபடி பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு அவரைக் கடந்து இறங்கிப் போனேன்.