இறங்கிட்டேன்பா

திண்டிவனத்தில் பஸ் ஏறும் மகள், விழுப்புரத்தில் கல்லூரி வாசலில் இறங்கியதும் போன் செய்வாள். "இறங்கிட்டேன்பா." அந்தச் சொல் வரும்வரை என் கழுத்து கல்லாக இறுகிக் கிடக்கும், வயிறு கலங்கும். வந்த பிறகும் என்ன வாழ்ந்தது? பயம் வேறு வீடு பார்த்துக் குடியேறும்: மாடித் தொட்டியின் விரிசல், மனைவியின் இருமல், வங்கிக் குறுஞ்செய்தி. ஈசிஜி நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் ஈசிஜி மெஷினைச் சந்தேகப்பட்டேன்.

ஒரு காலை அவள் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. அவிச்ச மல்லாட்டை, அவிச்ச மல்லாட்டை. பஸ் ஜன்னல்களுக்குக் கீழே வேர்க்கடலை கூவிக்கொண்டு ஓடுகிற குரல். அது பாதி வழியில் வரும் விக்கிரவாண்டி டோல்கேட். கல்லூரி வாசலில் அந்தக் குரலுக்கு என்ன வேலை?

பொய். யாருக்காக? மனைவியிடம் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி களைந்தாள். இவளும் உடந்தை.

மறுநாள் முந்தைய பஸ்ஸில் போய், கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடையோரம் நின்றேன். மகள் தனியாக இறங்கினாள், தனியாக உள்ளே ஓடினாள். கூட யாருமில்லை. ஆள் உஷாராகிவிட்டானோ என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

மாலையில் கேட்டேவிட்டேன். அவள் அழவில்லை.

"டோல்கேட்ல பஸ் நின்னுச்சுன்னா நீ போன் மேல போன் போட்டுக்கினே இருப்ப. அதான் இறங்கிட்டேன்னு முன்னாடியே சொல்லிடறது, அம்மாவுக்கும் தெரியும். இப்பல்லாம் போன் அடிச்சாலே எனக்கும் உன்ன மாதிரி வயிறு கலக்குதுப்பா."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் விழுப்புரத்தில் மனநல மருத்துவரிடம் போனேன். தூக்கம் உண்டா, சும்மா இருந்தாலும் அலுப்பா, எடுத்ததற்கெல்லாம் எரிச்சலா, எத்தனை மாதமாக என்று கேட்டார். எல்லாம் சரியாகக் கேட்கிறாரே, மகள் முன்பே சொல்லிவைத்துவிட்டாளோ? அதையும் கேட்டேன்; அவர் சிரித்தார். பதற்றக் கோளாறு, காரணம் ஒன்று போனால் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும் என்றார். மாத்திரை எழுதினார்; பேசவும் வாரம் ஒருமுறை வரச் சொன்னார். ஒன்றுமில்லை என்று மகளிடம் கேட்டு ஆறுதல் வாங்குவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டுமாம். மாத்திரைப் பட்டையின் காலாவதி தேதியை இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன்.

இனி உள்ளதையே சொல் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். நேற்று போன் வந்தது.

"இன்னும் இறங்கலப்பா. டோல்கேட்ல பெரிய லைன்."

கழுத்து இறுகியது. பின்னால் அதே கூவல்.

"பசிச்சா மல்லாட்டை வாங்கித் தின்னுகினு போ" என்றேன்.

எந்தத் தண்ணீரில் அவித்தார்களோ என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்காமல் போனை வைத்தேன்.