கீழ்வேளூரில் இறங்கிய மதியம்

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் பாரிசுக்குப் போன என் தங்கை, நாலு வருடம் கழித்து ஊருக்கு வந்திருந்தாள். காரைக்கால் தலத்தெருவில் எங்கள் வீடு காலையிலிருந்து ஆள் நடமாட்டமாகவே இருந்தது. அவளோடு தனியாகப் பத்து நிமிடம் எனக்கு வாய்க்கவில்லை. நாகூரிலிருக்கும் சின்னம்மா எங்கள் இருவரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது, தம்பி கார் பேசுகிறேன் என்றான். "வேணாம், நாங்க ரயில்லயே போயிக்கிறோம்" என்று முந்திக்கொண்டேன்.

அவள் கல்யாணத்துக்கு முன்பு மூன்று வருடம் அந்த ரயிலில்தான் போய்வந்தோம். நான் நாகப்பட்டினத்தில் ஒரு மருந்துக்கடைக்கு, அவள் கல்லூரிக்கு. காரைக்காலிலிருந்தே கிளம்பும் வண்டி என்பதால் ஜன்னலோரம் நிச்சயம். அன்றும் கிடைத்தது.

வண்டி நகர்ந்து காற்று முகத்தில் பட்டதும் அவளுக்குக் கண் சொருகியது. என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வந்த நாளிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நாகூர் வந்தது. எழுப்பக் கையைத் தூக்கினேன். எழுப்பினால் சின்னம்மா வீட்டு வாசலில் மறுபடியும் எல்லோருக்கும் அவளைக் கொடுத்துவிட வேண்டும். கையை மடியில் வைத்துக்கொண்டேன். நாகப்பட்டினத்தில் கூட்டம் இடித்துக்கொண்டு ஏறியபோதும் அவள் விழிக்கவில்லை.

கீழ்வேளூரில், பிளாட்பாரத்தில் கொய்யாப்பழம் விற்ற அம்மாவின் குரலுக்குத் திடுக்கிட்டு எழுந்தாள்.

"எங்கக்கா இருக்கோம்?"

"கீழ்வேளூர்."

"ஐயோ, இறங்குக்கா!"

இறங்கினோம். வண்டி போனபின் அந்தச் சின்ன ஸ்டேஷனில் எங்களையும் கொய்யாப்பழக்கார அம்மாவையும் தவிர யாருமில்லை. திரும்பிப்போக ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வண்டி. பஸ்ஸில் போகலாம் என்று இருவருமே சொல்லவில்லை. வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"நீயும் தூங்கிட்டியா?"

"இல்லடி. எழுப்ப மனசு வரல."

திட்டுவாள் என்று நினைத்தேன். தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "போன வருஷம் எனக்கு மூணு மாசத்துல கலைஞ்சிடுச்சுக்கா" என்றாள்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? நான் போன் பண்ணுனா ஸ்பீக்கர்ல போட்டு வீடே கேக்குது. ஆளாளுக்கு சாப்டியாங்குறீங்க. சாப்டேன்னு சொல்லிட்டு வச்சிடுறேன். அன்னிக்கு அவருக்கு லீவு கெடைக்கல. ஆஸ்பத்திரியிலேர்ந்து நானேதான் மெட்ரோவுல வீட்டுக்கு வந்தேன். உக்கார எடம்கூட இல்லக்கா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் அழுதோம். கொய்யாப்பழக்கார அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இரண்டு பழத்தை அரிந்து மிளகாய்ப்பொடி தூவிக் கொண்டுவந்து நீட்டினார். "மொதல்ல சாப்புடுங்க. அப்பறம் பேசலாம்." சாப்பிட்டோம். அதன்பிறகுதான் அவள் நிறையப் பேசினாள். வண்டி வந்தபோது, இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாமே என்றிருந்தது.

நாகூரில் இறங்கும்போது மணி நாலு. வண்டியில் தூங்கிவிட்டோம் என்றேன். திட்டிக்கொண்டே சின்னம்மா மீன்குழம்பைச் சுடவைத்தார்.

மறுவாரம் அவள் கிளம்பிப் போய்விட்டாள். இரண்டு வருடமாகிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் வந்தால் நான் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன். சில நாள் மனம்விட்டுப் பேசுகிறாள். சில நாள் ஒன்றும் பேசமாட்டாள். அவள் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்கும். அதையும் கேட்டுக்கொண்டு நிற்பேன். இந்தக் கோடைக்கும் அவள் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லையாம். அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறாள்.