துணைப்பொருள்: மனைவி ஒன்று

பதினெட்டு வருஷமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து நோட்டில் எழுதிவந்தவர் அவர். கோழி கிளறிய கையெழுத்து. ஆனாலும் ஆபீஸில் எல்லோருக்கும் அது பழகிப்போயிருந்தது.

அந்த வருஷம் அவர் கையில் ஒரு டேப்லெட் கம்ப்யூட்டரைக் கொடுத்தார்கள். விரலால் தடவுகிற டேப்லெட் வருவதற்கு வெகுகாலம் முந்தி. செங்கல் கனம், கூட ஒரு பிளாஸ்டிக் பேனா, இரண்டு மணி நேரத்தில் உயிரை விடும் பேட்டரி. வெயிலில் பிடித்தால் திரையில் அவர் மீசைதான் தெரியும். ஆனால் கையால் எழுதுவதை அதுவே படித்து அச்சடித்த எண்ணாக மாற்றிவிடும். தெருவில் நின்று எழுதியதை யாரும் மறுபடி டைப் அடிக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் ஆபீஸ் அதைக் கொண்டாடியது.

ஆனால் அவர் ஒன்று என்று எழுதினால் அதற்கு ஒன்பதாகத் தெரிந்தது. தனியாக வசித்த ரிட்டயர்டு டீச்சர் ஒரே மாதத்தில் இரண்டு நீச்சல்குளத் தண்ணீரைச் செலவழித்ததாகச் சொன்னது. ஆபீஸ் இன்ஜினீயரே நேரில் வந்து டீச்சரின் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார்.

"என்ன சார் தேடறீங்க?"

"குளம் ஏதாவது இருக்கான்னு பாக்கறேம்மா. மெஷின் பொய் சொல்லாது."

வீட்டில் அவர் எழுதி எழுதிப் பழகுவதை மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். "இப்படிக் குடுங்க" என்று பேனாவை வாங்கி எட்டு போட்டாள். எட்டாகவே விழுந்தது. ஆயிரம் எண் எழுதியும் ஒரு பிசகில்லை.

அன்றிலிருந்து அவளும் கூடவே போனாள்; அவர் மீட்டர் மூடியைத் திறந்து எண்ணைச் சொல்ல, அவள் எழுதினாள். வெளியாள் தொடக்கூடாது என்று இன்ஜினீயர் ஒரு நாள் தடுத்துப் பார்த்தார். அன்றைக்கு ஒரு தையல்கடை ஒரு ஏரியையே குடித்துவிட்டது. மூன்று மீட்டிங் போட்டு, கடைசியில் பொருள் பதிவேட்டில் ஏற்றினார்கள்: டேப்லெட் ஒன்று, பேனா ஒன்று, சார்ஜர் ஒன்று, மனைவி ஒன்று.

"சார்ஜருக்குக் கீழயா என்னைப் போட்டீங்க?" என்று கேட்டு, வரிசையை மாற்ற வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

நாலு வருஷத்தில் டேப்லெட் செத்தது. துணைப்பொருள்கள் அனைத்தையும் ஸ்டோரில் ஒப்படைக்க உத்தரவு வந்தது.

"நான் போய்ப் பேசிப் பாக்கறேன்" என்றார் அவர், முகம் வெளிறி.

"உத்தரவுன்னா உத்தரவுதானே" என்று அவளே கிளம்பிப் போனாள்.

ஸ்டோர்கீப்பர் ரசீது கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தார். சும்மா இருக்கப் பிடிக்காமல் அவள் அங்கே கிழிந்துகிடந்த பதிவேட்டை அழகாகத் திருப்பி எழுதினாள். மறுநாளும் வரச்சொன்னார்கள். ஆறு மாதத்தில் வேலை நிரந்தரமானது. மீட்டர்காரர் மத்தியானம் அங்கே போய், குழாய் அடுக்குகளுக்கு நடுவே அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவார்.